சிஎஸ்வி பார்சர்: பிழையான கோப்பைத் திருத்திக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?

காற்புள்ளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மூன்று மாதமாக ஒரு சிஎஸ்வி பார்சர் நிரலகம், அதாவது காற்புள்ளியால் புலங்களைப் பிரித்த கோப்பைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் நிரலகம், எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பதிப்பு இருபதே வரி. கோப்பை வரி வரியாக வெட்டு, ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் வெட்டு, வேலை முடிந்தது என்று இருந்தேன். முகவரிக்குள் ஒரு காற்புள்ளி வந்த அன்று அது உடைந்தது. மேற்கோள்குறியைக் கவனிக்க ஓர் ஒட்டுவேலை செய்தேன். புலத்துக்குள் வரிமுறிவு வந்த அன்று அதுவும் உடைந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு இப்போது ஒரு சிறிய நிலைப்பொறியாக எழுதியிருக்கிறேன்: ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை நினைவில் வைத்து நகரும் நிரல்.

நிலைகள் நான்குதான்: புலத்தின் தொடக்கம், மேற்கோள் இல்லாத புலத்தின் நடு, மேற்கோளுக்குள், மேற்கோளுக்குள் இருக்கும்போது இன்னொரு மேற்கோளைப் பார்த்த கணம். நான்காவதில்தான் எல்லாச் சிக்கலும். அடுத்து வருவதும் மேற்கோளானால் இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து. காற்புள்ளியோ வரிமுறிவோ வந்தால் புலம் முடிந்தது. வேறு ஏதாவது வந்தால்?

12,"நீல" நிறம்,40

பிழை என்று நிறுத்திவிடலாம். ஒட்டிச் சேர்த்து "நீல நிறம்" என்று கொடுக்கலாம். மேற்கோள்களை அப்படியே விட்டுவைக்கலாம். பைத்தானின் சிஎஸ்வி தொகுதி, கண்டிப்பு விருப்பத்தை இயக்காதவரை, ஒட்டிச் சேர்க்கிறது. கோ மொழியின் நிலையான நிரலகம் பிழை என்கிறது. பெரியவர்களே ஒத்துப்போகாத இடத்தில் நான் என்ன செய்வது?

கூடவே இரண்டு கேள்விகள். பிரிப்பான் காற்புள்ளியா அரைப்புள்ளியா என்பதை நிரலகமே ஊகிக்கலாமா? எண், தேதி என்று வகை பிரித்துக் கொடுக்கலாமா?

---

துருப்பிடித்தவர்

"ஏற்கெனவே இத்தனை இருக்கும்போது இன்னொன்று எதற்கு" என்று கேட்கப்போவதில்லை. எழுதிப் பார்த்தால்தான் புரியும் வேலை இது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிஎஸ்விக்குத் தாய்வீடு என்று ஒன்று கிடையாது. 1972இலேயே ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் கம்பைலர் காற்புள்ளியால் பிரித்த உள்ளீட்டைப் படித்தது. ஊரெல்லாம் புழங்கி, ஆளாளுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்ட பிறகு, 2005 அக்டோபரில்தான் ஆர்எஃப்சி 4180 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வந்தது. அதுவும் தகவலுக்கான ஆவணம்தான். "பெரும்பாலான நிரல்கள் இப்படிச் செய்வதாகத் தெரிகிறது" என்று எழுதிவைத்தார்களே தவிர, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரையும் கட்டிப்போடவில்லை.

அது சொல்வது கொஞ்சம்தான். வரி முடிவு 13, 10 (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, அடுத்த வரிக்குப் போ) என்ற இரண்டு பைட். கடைசி வரிக்கு அது இல்லாமலும் இருக்கலாம். காற்புள்ளி, மேற்கோள், வரிமுறிவு உள்ள புலத்தை மேற்கோளுக்குள் போட வேண்டும். உள்ளே வரும் மேற்கோளை இரட்டிக்க வேண்டும். இடைவெளி புலத்தின் பகுதி, அதை உதிர்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் பலரும் மீறுகிறார்கள். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டு மேற்கோளைத் திறந்தால், விதிப்படி அந்த மேற்கோள் புலத்தின் தொடக்கத்தில் இல்லை. மேற்கோள் இல்லாத புலத்துக்குள் மேற்கோள் வரவே கூடாது; தாராளமான பார்சர் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். உள்ளே காற்புள்ளி இருந்தால் புலம் அங்கேயே வெட்டுப்படும்.

உங்கள் கேள்விக்கு அந்த ஆவணத்தில் பதில் இல்லை. தரும்போது கண்டிப்பு, பெறும்போது தாராளம் என்ற பழைய இணைய நெறியை மட்டும் நினைவுபடுத்துகிறது. என் அனுபவத்தில் அந்தத் தாராளம்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். நான் கண்டிப்பின் பக்கம்.

---

இரவுப்பணி

துருப்பிடித்தவர் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் கண்டிப்பு எங்களுக்குச் சோறு போடாது. எனக்கு வரும் கோப்புகளை அனுப்புகிறவர் யாரென்றே பல சமயம் தெரியாது. "உங்கள் கோப்பு விதிப்படி இல்லை" என்று யாருக்கு எழுதுவது? பத்து லட்சம் வரியில் ஒரு வரி கோணலாக இருப்பதற்காக மொத்தத்தையும் தூக்கி எறியும் பார்சரை நான் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டேன்.

அதைவிட முக்கியமான விஷயம்: கண்டிப்பு உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு சரக்குப் பட்டியல். அதைத் தட்டச்சு செய்தவர், மேலே உள்ளதே இங்கும் என்பதற்கு, நோட்டுப் புத்தகத்தில் போடுவதுபோல் இரட்டை மேற்கோள்குறியைப் போட்டிருக்கிறார். அதை யாரோ கையால் காற்புள்ளி சேர்த்து சிஎஸ்வி ஆக்கியிருக்கிறார்கள்.

117,செம்பு,30
118,",40
119,இரும்பு,25
120,",55
121,ஈயம்,10

இதை உங்கள் நிலைப்பொறியில் விட்டுப் பாருங்கள். எத்தனை பதிவு வருகிறது என்று சொல்லுங்கள்.

---

காற்புள்ளி

மூன்று பதிவு. 117, 118, 121.

பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒவ்வொரு பதிவிலும் மிகச் சரியாக மூன்று புலம். 118இன் நடுப்புலத்துக்குள் 119ஆம் பதிவு முழுதும் 120இன் தலையும் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது புலமாக 120இன் 55 வந்து நிற்கிறது.

கண்டிப்பு முறையிலும் ஓட்டினேன். அதே விடை. பார்த்துக்கொண்டே இருந்தேன், வயிற்றைக் கலக்கியது.

---

இரவுப்பணி

அதேதான். நான் கண்டுபிடித்தது பதினோரு நாள் கழித்து, கூட்டுத்தொகை இடித்தபோது. புலங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்திருந்தேன், அது சரியாக வந்திருந்தது. முதல் மேற்கோள் திறக்கிறது, இரண்டாவது மூடுகிறது, ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஆர்எஃப்சிப்படி அந்தக் கோப்பில் குற்றமே கிடையாது.

---

துருப்பிடித்தவர்

ஒப்புக்கொள்கிறேன், இது நல்ல அடி. இலக்கணப்படி சரியான கோப்பு, பொருளில் நாசம். எந்தக் கண்டிப்பும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

அப்படியானால் கேள்வியையே மாற்ற வேண்டும். பார்சருக்கு உண்மை தெரியாது, அதனால் அது தீர்ப்புச் சொல்ல முடியாது. சாட்சி சொல்லலாம். "இந்த மேற்கோள் இரண்டாவது வரியில் திறந்தது, நான்காவது வரியில் மூடியது" என்பது அதற்குத் தெரியும். அதை வெளியே சொல்ல இன்றைக்கு உங்கள் ஏபிஐயில், அதாவது மற்ற நிரல்கள் உங்கள் நிரலகத்தை அழைக்கும் முகப்பில், வழி இருக்கிறதா? பெரும்பாலான நிரலகங்கள் சரங்களின் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு, தான் பார்த்ததையெல்லாம் மறந்துவிடுகின்றன.

---

ஒற்றைப்பைட்

சாட்சி என்ற சொல் பிடித்திருக்கிறது. அதை முழுமையாகச் செய்யலாம். ஒவ்வொரு புலத்தோடும் மூன்று தகவல் சேர்த்துக் கொடுங்கள்: தொடங்கிய பைட், தொடங்கிய வரி, மேற்கோளுக்குள் இருந்ததா இல்லையா.

மூன்றாவது அற்பமாகத் தெரியும், ஆனால் மிகவும் தேவை. இரண்டு காற்புள்ளிக்கு நடுவே ஒன்றுமே இல்லாததும், அங்கே இரண்டு மேற்கோள் மட்டும் இருப்பதும் ஒன்றா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சிஎஸ்வியைப் படிக்கும்போது முதலாவதை "மதிப்பே இல்லை" என்றும் இரண்டாவதை "வெற்றுச் சரம்" என்றும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் பார்சர் இரண்டையும் வெற்றுச் சரமாக்கிவிட்டால், மேலே உள்ள நிரலால் அதைத் திரும்பப் பெறவே முடியாது.

இப்போது நிலைப்பொறிக்கு வருகிறேன். கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஓட்டினால் எல்லாம் அழகாக இருக்கும். துண்டு துண்டாகப் படிக்கத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். 64 கிலோபைட் பஃபர் (ஒரு முறைக்குப் படித்து வைக்கும் இடம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். பஃபரின் கடைசிப் பைட் ஒரு மேற்கோள்குறி. அது புலத்தை மூடுகிறதா, இரட்டை மேற்கோளின் முதல் பாதியா? அடுத்த துண்டு வரும்வரை யாருக்கும் தெரியாது. அதேபோல் 13 இந்தத் துண்டின் கடைசியிலும் 10 அடுத்த துண்டின் தொடக்கத்திலும் விழுந்தால், ஒரு வரிமுறிவை இரண்டாக எண்ணி நடுவில் ஒரு வெற்றுப் பதிவைப் பிறப்பிக்கும் பார்சர்கள் உண்டு. நானே ஒன்று எழுதியிருக்கிறேன். அதனால் அடுத்த எழுத்தை எட்டிப் பார்க்கும் நிரல் எங்கும் இருக்கக் கூடாது. பார்த்ததை நிலையாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உங்கள் நான்காவது நிலை அதைத்தான் செய்கிறது. 13ஐப் பார்த்த கணத்துக்கும் ஐந்தாவதாக ஒரு நிலை வையுங்கள்.

சோதிப்பதற்கு ஒரு மலிவான வழி. உங்களிடம் உள்ள ஒவ்வொரு சோதனைக் கோப்பையும் முழுதாக ஒரு முறை, பிறகு ஒரே ஒரு பைட் அளவுள்ள பஃபரில் ஒரு முறை ஓட்டுங்கள். விடை இரண்டும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நான் இதைச் செய்த முதல் நாளே ஏழு பிழை கிடைத்தது.

கோப்பின் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்றால் பைட் அளவில் தேடுவது பாதுகாப்பானது. "க" என்ற எழுத்து 224, 174, 149 என்று மூன்று பைட். மூன்றும் 128க்கு மேல். காற்புள்ளி 44, மேற்கோள் 34. பல பைட் எழுத்தின் வயிற்றுக்குள் 44 ஒருபோதும் வராது. அதனால் முதலில் வெட்டு, பிறகு குறியாக்கத்தை அவிழ் என்று போகலாம். யூடிஎஃப்-16 கோப்பில் இதைச் செய்தால் தொலைந்தீர்கள். அங்கே எழுத்தாக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியாக்கம் இன்னும் விசித்திரம்: இரண்டாவது பைட்டாக 44 வராது, ஆனால் 92, அதாவது பின்சாய்கோடு, வரும். காற்புள்ளி மட்டும் இருக்கும்வரை ஒழுங்காக ஓடும் பார்சர், பின்சாய்கோட்டால் தப்புவிக்கும் வழக்கத்தை (அடுத்த குறியை வெறும் எழுத்தாகக் கொள் என்று சொல்வதை) இயக்கிய உடனே ஜப்பானியப் பெயர்களை மென்று துப்பும்.

---

எழுத்துருப்பித்தன்

ஷிஃப்ட்-ஜிஸ் எதற்கு, நம் வீட்டிலேயே இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களைச் சிஎஸ்வியாக யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்த அமைப்பில் "இ" என்ற எழுத்து இருக்கும் இடம் காற்புள்ளியின் இடம். "இலக்கியம்" என்று எழுதினால் கோப்பில் முதல் பைட்டே 44. ஒவ்வொரு "இ"யிலும் ஒரு புலம் கூடுதலாகப் பிறக்கும். சரி, அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்துக்கொள்ளலாம் என்று புத்திசாலித்தனமாக யோசிப்பீர்கள். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. "இலக்கியம்" என்ற ஒரே சொல்லில் இரண்டு அரைப்புள்ளி. டேப் ஒன்றுதான் கதி.

பிரிப்பானை ஊகிக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கும் இதுவே பதில். எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் ஊகிப்பான் இப்படிப்பட்ட கோப்பைப் பார்த்தால் முழு நம்பிக்கையோடு தவறான விடையைச் சொல்லும். ஊகம் வேண்டுமானால் தனிச் செயற்கூறாக வையுங்கள். அழைத்தவர் விடையைப் பார்த்துவிட்டுப் பார்சருக்குக் கொடுக்கட்டும். பார்சரே திரைமறைவில் ஊகித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, பைட் ஒழுங்குக் குறி. 239, 187, 191 என்ற மூன்று பைட் கோப்பின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்காவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயர் "எண்" அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒன்று முன்னால் ஒட்டிய "எண்". அச்சிட்டால் ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காது. தலைப்பு மேற்கோளுக்குள் இருந்தால் இன்னும் மோசம்: குறி முன்னால் நிற்பதால் மேற்கோள் புலத்தின் தொடக்கத்தில் இல்லாமல் போய்விடும், துருப்பிடித்தவர் சொன்ன இடைவெளிக் கதையேதான்.

தலைப்புப் பெயரைத் தேடும் வசதி வைப்பீர்களானால் ஒருங்குறியின் இயல்பாக்கத்தையும் யோசியுங்கள். "கொள்ளளவு" என்ற தலைப்பில் "கொ"வை ஒற்றை ஒகரக் குறியாலும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் "ஔ"வை "ஒ"வும் "ள"வும் சேர்த்துத் தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து.

---

காற்புள்ளி

இயல்பாக்கத்தை நிரலகம் செய்யாது, தலைப்பை ஒப்பிடும் செயற்கூறை அழைப்பவர் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். சரியா?

---

எழுத்துருப்பித்தன்

சரி. தரவைத் தொடாதீர்கள், ஒப்பிடும்போது மட்டும் செய்யுங்கள்.

---

வழிப்போக்கன்

இவ்வளவு வேதனை எதற்கு? ஆஸ்கியில் 31 புலப் பிரிப்பான், 30 பதிவுப் பிரிப்பான் என்று அதற்காகவே இரண்டு குறியீடு இருக்கின்றன. அதைப் பயன்படுத்தினால் மேற்கோளும் வேண்டாம், இரட்டிப்பும் வேண்டாம்.

---

இரவுப்பணி

விசைப்பலகையில் 31 எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், நாளையே மாறிவிடுகிறேன். எந்த எடிட்டரிலும் திறந்து கண்ணால் பார்க்கலாம், கையால் திருத்தலாம் என்பதற்காகத்தான் சிஎஸ்வி பிழைத்துக் கிடக்கிறது. என் 118ஆம் வரியும் அதே காரணத்தால்தான் வந்தது.

---

துருப்பிடித்தவர்

வகை பிரிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. செய்யாதீர்கள் என்பதே என் கருத்து, குறைந்தது பார்சர் அடுக்கில் வேண்டாம்.

நமீபியாவின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடு "என்ஏ". பைத்தானின் பாண்டாஸ் நிரலகம், நாம் எதுவும் சொல்லாத இயல்பிருப்பில், அந்த இரண்டு எழுத்தை "மதிப்பில்லை" என்று எடுத்துக்கொள்ளும். நாடுகளின் பட்டியலைப் படித்தால் ஒரு நாடு சத்தமில்லாமல் காணாமல் போகும். அணைக்க விருப்பம் இருக்கிறது. இருப்பது தெரிந்தவர்தானே அணைப்பார். எக்செல் எண்களில் 15 இலக்கம்வரைதான் துல்லியம் வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை எண்ணாகத் திறந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் வைத்த குறியீட்டெண்களின் கதி எல்லோருக்கும் தெரியும். செப்டின் வகை மரபணுக்களின் சுருக்கப் பெயர்கள் எக்செலில் செப்டம்பர் மாதத் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுப் பெயரிடல் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றியது. மென்பொருளின் ஊகத்துக்கு விஞ்ஞானம் வழிவிட்டது என்றுதான் அதை நான் படித்தேன்.

உங்கள் நிரலகம் சரங்களைக் கொடுக்கட்டும். அதன் மேல் இன்னோர் அடுக்கு, "மூன்றாவது நெடுவரிசை முழு எண்" என்று அழைப்பவர் வாய்விட்டுச் சொன்னால் மாற்றிக் கொடுக்கட்டும். மாற்ற முடியாத புலத்துக்கு ஒற்றைப்பைட் சொன்ன வரியும் பைட்டும் கையிலேயே இருக்கும்.

---

இரவுப்பணி

இதில் மட்டும் நான் உங்கள் பக்கம், ஐயா.

---

வேகத்தடை

எல்லோரும் சரியாகப் படிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். புலத்துக்கு மூன்று தகவல் சேர்த்தால் வேகம் என்ன ஆகும்?

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வடிவமைப்பை இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு புலத்துக்கும் புதிய சரம் உருவாக்குவதுதான் நேரத்தைத் தின்னும். நிலைப்பொறி அவ்வளவு தின்னாது. பஃபருக்குள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற இரண்டு எண்ணைக் கொடுங்கள். உள்ளே இரட்டை மேற்கோள் இருக்கும் புலத்தை மட்டும் நகலெடுத்துச் சுருக்கினால் போதும்; அப்படிப்பட்டவை அபூர்வம். இப்படிச் செய்தால் தொடக்கப் பைட் என்ற தகவல் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. ஒரு நிபந்தனை: அடுத்த பதிவைக் கேட்டவுடன் பழைய துண்டுகள் செல்லாது. இதை ஆவணத்தில் கொட்டை எழுத்தில் போடுங்கள், போட்டும் யாரும் படிக்க மாட்டார்கள்.

இதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால் ஒரு சுவையான வழி உண்டு. ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கு 2019இல் சிம்ட்ஜேசான் என்ற பார்சர் செய்து காட்டியது இங்கும் பொருந்தும். 64 பைட்டை ஒரே மூச்சில் எடுத்து, மேற்கோள் உள்ள இடங்களை 1 என்றும் மற்றவற்றை 0 என்றும் ஒரு 64 பிட் எண்ணாக்குங்கள். இடமிருந்து வலமாக ஒவ்வோர் இடத்திலும் அதுவரை வந்த மேற்கோள்கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தால், ஒற்றைப்படை இடங்களெல்லாம் மேற்கோளுக்குள் இருப்பவை. அங்குள்ள காற்புள்ளிகளைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவை உண்மையான பிரிப்பான்கள். இரட்டை மேற்கோளுக்குத் தனிக் கவனிப்பே வேண்டாம் என்பதுதான் இதில் அழகு: முதல் குறி வெளியே தள்ளும், அடுத்தது உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும், நடுவில் வெட்டுப்பட எதுவும் இல்லை. பின்சாய்கோட்டு வழக்கத்துக்கு இந்தச் சுகம் கிடையாது.

செயலியின் பல கருக்களில் பிரித்து ஓட்டவும் அதே கணக்குதான். கோப்பின் நடுவில் குதித்தால் மேற்கோளுக்குள் விழுந்தோமா வெளியே விழுந்தோமா என்று தெரியாது. முதல் சுற்றில் ஒவ்வொரு துண்டிலும் மேற்கோள்களை எண்ணி வாருங்கள். முந்தைய துண்டுகளின் கூட்டுத்தொகை ஒற்றைப்படையானால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். இரண்டாம் சுற்றில் வெட்டலாம்.

---

ஒற்றைப்பைட்

அருமை, ஆனால் அந்தக் கணக்கு மேற்கோள் எங்கே வந்தாலும் மேற்கோள்தான் என்று எடுத்துக்கொள்கிறது. மேற்கோள் இல்லாத புலத்தின் நடுவில், 5" குழாய் என்று அங்குலக் குறி வந்தால், நிலைப்பொறி அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு நகரும், ஒற்றைப்படை இரட்டைப்படைக் கணக்கு அங்கிருந்து கோப்பின் கடைசிவரை உள்ளும் புறமும் தலைகீழாகிவிடும். ஆகவே வேகப் பாதை, விதிப்படி உள்ள கோப்புக்கு மட்டும். ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்துப் பைட்டைச் சரிபார்த்து, சந்தேகம் வந்தால் நிலைப்பொறிக்குத் திரும்புங்கள்.

---

வேகத்தடை

ஆமாம், அதை விட்டுவிட்டேன்.

---

காற்புள்ளி

வேகத்தை இரண்டாம் பதிப்புக்குத் தள்ளுகிறேன். தொடக்கம்-முடிவு எண்கள் மட்டும் இப்போதே. மற்றபடி இந்த இழையைப் படித்துவிட்டு மாற்றியவை:

கண்டிப்பு, தாராளம் என்ற ஒற்றை விசையை எடுத்துவிட்டேன். அந்த இரண்டு சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு முடிவுகள் ஒளிந்திருந்தன. மூடிய மேற்கோளுக்குப் பின் எழுத்து வந்தால் என்ன, புலத்தின் நடுவில் மேற்கோள் வந்தால் என்ன, புல எண்ணிக்கை மாறினால் என்ன, மேற்கோள் மூடாமலேயே கோப்பு முடிந்தால் என்ன என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நிறுத்து, குறித்துக்கொண்டு போ, பேசாமல் போ என்று மூன்று விடை. இயல்பிருப்பு "குறித்துக்கொண்டு போ". இரவுப்பணியின் பத்து லட்சம் வரியும் ஓடும், கோணலான ஒரு வரி பட்டியலிலும் இருக்கும்.

118ஆம் வரிக்காகப் புதிதாக ஒன்று: மேற்கோளுக்குள் எத்தனை வரிமுறிவுவரை பேசாமல் இருக்கலாம் என்ற எண். இயல்பிருப்பு பூஜ்யம். ஒரு வரிமுறிவு வந்தாலே குறிப்பு வரும். புலம் அப்படியே கிடைக்கும், எதுவும் மாறாது.

எழுதும் பக்கத்தைப் பற்றி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

துருப்பிடித்தவர்

எழுதும்போது எதிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே ஒரு சின்னப் பொறி: ஒரே நெடுவரிசை உள்ள கோப்பில் மதிப்பு வெற்றுச் சரம். அப்படியே எழுதினால் வெற்று வரி. படிக்கும் பக்கம் வெற்று வரிகளைத் தாண்டிப்போனால், கோ மொழியின் நிரலகம் அப்படித்தான் செய்கிறது, அந்தப் பதிவே மறைந்துவிடும். அந்த இடத்தில் இரண்டு மேற்கோள் போட்டு எழுத வேண்டும். பைத்தான் இதைச் சரியாகச் செய்கிறது.

கோப்பின் முதல் இரண்டு எழுத்து ஆங்கிலப் பேரெழுத்தில் "ஐடி" என்று இருந்தால் எக்செல் அதைச் சில்க் என்ற வேறு வகைக் கோப்பாக எண்ணி முறைத்துக்கொள்ளும். இது உங்கள் குற்றமில்லை, ஆனால் குற்றச்சாட்டு உங்களுக்குத்தான் வரும்.

---

ஒற்றைப்பைட்

சமக்குறி, கூட்டல், கழித்தல், அட் குறி ஆகியவற்றில் தொடங்கும் புலத்தை விரிதாள் சூத்திரமாக எடுத்து இயக்கக்கூடும். அடுத்தவர் தட்டிய பெயர்ப் புலத்தில் சூத்திரம் ஒளிந்திருந்தால் ஆபத்து. எழுதும்போது அதற்கு முன்னால் ஒற்றை மேற்கோள் வைக்கும் விருப்பம் தேவை. இயல்பிருப்பிலேயே இயங்கட்டும் என்பேன்.

---

இரவுப்பணி

இயல்பிருப்பில் வேண்டவே வேண்டாம். கழித்தல் 5 என்ற எண்ணுக்கு முன்னால் மேற்கோள் ஒட்டினால் அதை அடுத்துப் படிக்கப்போவது விரிதாள் அல்ல, என் நிரல். தரவைத் தொடாதே என்று மூன்று பக்கமாகப் பேசிவிட்டு எழுதும்போது மட்டும் தொடலாமா? "விரிதாளுக்காக எழுது" என்று தனிச் செயற்கூறு வைத்து, அதற்குள் எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்.

---

ஒற்றைப்பைட்

தனிச் செயற்கூறு என்றால் சம்மதம். பெயரிலேயே விரிதாள் என்று இருக்க வேண்டும்.

---

காற்புள்ளி

சேர்த்துவிட்டேன். ஒரு பைட் பஃபர் சோதனையில் நான்கு பிழை அகப்பட்டது. மூன்று 13, 10 வகை, ஒன்று பைட் ஒழுங்குக் குறி மூன்றாக உடைந்து வந்தது.

இரவுப்பணி, உங்கள் ஐந்து வரிக் கோப்புக்கு இப்போது வருவது இது:

குறிப்பு: 2ஆம் வரி, 2ஆம் புலம். மேற்கோள் இங்கே திறந்தது, 4ஆம் வரியில் மூடியது. உள்ளே 2 வரிமுறிவு.

---

இரவுப்பணி

அந்தப் பழைய சரக்குப் பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன், இப்போதுதான் ஓட்டினேன். 63 குறிப்பு வந்தது. 61 அந்த "மேலே உள்ளதே" குறிதான். மீதி இரண்டு உண்மையான முகவரிகள், உள்ளே நியாயமான வரிமுறிவு. அவற்றைக் கண்ணால் பார்த்துத் தள்ள அரை நிமிடம் ஆனது.

ஒரு குறை. கோப்பின் பின்பாதியில் உங்கள் வரி எண்ணும் என் எடிட்டரின் வரி எண்ணும் மூன்று வித்தியாசப்படுகின்றன.

---

காற்புள்ளி

10 இல்லாமல் தனியாக 13 எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். நான் அதையும் ஒரு வரியாக எண்ணுகிறேன்.

---

இரவுப்பணி

இருக்கிறது, மூன்று இடத்தில். என் எடிட்டர் எண்ணவில்லை போலிருக்கிறது.

---

காற்புள்ளி

அப்படியானால் குறிப்பில் வரி எண்ணோடு பைட் எண்ணையும் அச்சிடுகிறேன். அதில் எடிட்டருக்கு எடிட்டர் வேறுபாடு வராது. இன்றிரவு போட்டுவிடுகிறேன், மறுபடி ஒரு முறை ஓட்டிச் சொல்லுங்கள்.